மூலமும் உரையும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. வரிசை வரிசையாகச் சிற்றறைகள். அவற்றில் துளையிட்ட காகித நாடாச் சுருள்கள். 1949 மே 6 அன்று முதல் கணக்கைப் போட்டு முடித்த எட்சாக் என்ற கணினியின் துணைநிரல் நூலகம் அது. சைன், கொசைன் காண ஒரு நாடா. வர்க்கமூலம் காண ஒரு நாடா. விடையைத் தாளில் அச்சிட ஒரு நாடா. கணக்குப் போட வரும் ஆய்வாளர் வேண்டிய சுருளை எடுப்பார். இயந்திரத்தில் கொடுத்துத் தன் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். சுருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார். 1951 வாக்கில் பொதுப் பயன்பாட்டுக்கு இப்படி 87 துணைநிரல்கள் இருந்தன.

நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளைகள்தான் தெரியும். எண்ணை எங்கே வைத்துக் கொடுக்க வேண்டும், விடை எங்கே வந்து நிற்கும், நினைவகத்தில் எத்தனை இடம் பிடிக்கும், முடிய எவ்வளவு நேரமாகும் என்ற எதையும் துளைகள் சொல்லாது. அதனால் ஒவ்வொரு துணைநிரலுக்கும் தனியாக ஒரு விளக்கம் எழுதி வைத்தார்கள். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட நூலில் இந்த விளக்கங்கள் ஒரு பகுதியாகவும், தேர்ந்தெடுத்த நிரல்கள் இன்னொரு பகுதியாகவும் அச்சாயின. நிரல் எழுதக் கற்றுத்தரும் முதல் பாடநூல் என்று அந்த நூலைச் சொல்வார்கள். அந்தப் பிரிப்பைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்துகிறவருக்கு ஒரு பகுதி. உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு வேறொரு பகுதி. இரண்டு வாசகர்கள், இரண்டு தேவைகள்.

அந்த அலமாரிக்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் வீலர். அவர் 1952 மே மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் துணைநிரல்களைப் பற்றி இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தார். நிரலை எழுதியாயிற்று, சோதித்தும் ஆயிற்று. அதன் பிறகும் ஒரு பெரிய வேலை பாக்கியிருக்கிறது என்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாதவரும் எளிதாகப் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதுவதுதான் அந்த வேலை. எல்லாவற்றிலும் கடினமானது இந்தக் கடைசி வேலையாகவே இருக்கலாம் என்றும் சொன்னார். கணினித் தொழிலுக்கு அப்போது மூன்று வயது. அந்த வயதிலேயே இவ்வளவு தெளிவாக ஒருவர் இதைச் சொல்லிவிட்டார் என்பது வியப்பாக இருக்கிறது.

தமிழ்ப் புத்தகக் கடைகளில் ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் போட்ட நூல்கள் வரிசையாக நிற்கும். மேலே செய்யுள், கீழே உரை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நம் வாசகர்களுக்குப் பழகிப்போன எதிர்பார்ப்பு. கணினித் துறையிலும் மனிதர் எழுதும் நிரலுக்கு மூலநிரல் என்றுதான் பெயர். ஆனால் அங்கே உரை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவாவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அலமாரிக்குப் பக்கத்தில் பட்டியலாக, தனிக் கையேடாக, நிரலுக்குள்ளேயே சில வரிகளாக என்று உரை இடம் மாறிக்கொண்டே வந்தது. நிரலுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் அதை எப்படி எழுதுவது என்ற மரபுகளும், அந்த மரபுகளைச் சுற்றிய சண்டைகளும் பிறந்தன.

நிரலுக்குள் மனிதர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியதில் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் முக்கியமானது. 1957-இல் வெளியான அந்த மொழியில் ஒரு வரிக்கு ஒரு துளையட்டை. அட்டைக்கு 80 பத்திகள். முதல் பத்தியில் ‘சி’ என்ற எழுத்தைத் துளைத்துவிட்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த அட்டையைக் கண்டுகொள்ளாது. ஆனால் நிரலைத் தாளில் அச்சிடும்போது அது இடம்பெறும். கமென்ட் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்லும் பொருள் இதுதான். இயந்திரம் தாண்டிப் போகும் வரி, மனிதர் நின்று படிக்கும் வரி.

அடுத்து வந்த கோபால் மொழி இதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 1960-இல் வெளியான அதன் வரையறைப்படி, நிரலின் முதல் பிரிவே அடையாளப் பிரிவு. நிரலின் பெயர், எழுதியவர், எந்த நிறுவனத்துக் கணினி, எழுதிய தேதி, யார் பார்க்கலாம், குறிப்புரை என்று அதற்குள் தலைப்புகள். தமிழ் படித்தவருக்கு இது உடனே நன்னூலின் பாயிரத்தை நினைவூட்டும். நூலை ஆக்கியவர் யார், நூலின் பெயர் என்ன, எதைப் பற்றியது, யாருக்கு, என்ன பயன், எந்தக் காலம், எந்தக் களம் என்று சிறப்புப் பாயிரம் கேட்கும் கேள்விகளில் பாதியை வங்கிக் கணக்கும் சம்பளப் பட்டியலும் போடவந்த கோபால் தானாகவே கேட்டிருக்கிறது. ஆனால் பெயரும் தேதியும் பழசானவுடன் யாரும் திருத்துவதில்லை. 1985-இல் வந்த கோபால் தரத்தில் எழுதியவர், தேதி முதலான தலைப்புகள் வழக்கொழிய வேண்டியவை என்று குறிக்கப்பட்டன.

உரை என்ற பெயருக்கு முழுத் தகுதியுள்ள கமென்டைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் மாத இதழைப் புரட்ட வேண்டும். அந்த இதழ் 1960 முதல் அல்கால் மொழியில் எழுதிய நிரல்களையே கட்டுரை போல வெளியிட்டது. வாசகர்கள் அவற்றை ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றோ இந்த இடத்தில் பிழை என்றோ சான்று எழுதி அனுப்புவார்கள், அதுவும் அச்சாகும். 1961 ஜூலை இதழில் 64-ஆம் நிரலாக வந்தது டோனி ஹோர் எழுதிய ‘குயிக்சார்ட்’. உலகம் முழுக்க இன்றும் கணினி மாணவர்கள் படிக்கும் வரிசைப்படுத்தும் முறை. நிரல் பத்து வரிகூடத் தேறாது. அதன் தலையில் ‘கமென்ட்’ என்ற சொல்லோடு ஒரு பத்தி நிற்கிறது. இது வேகமான, வசதியான முறை. கூடுதல் நினைவிடம் தேவையில்லை என்பதால் நினைவகம் முழுவதையுமே வரிசைப்படுத்திவிடலாம். சராசரியாக இத்தனை ஒப்பீடுகள் ஆகும், இடமாற்றங்கள் அதில் ஆறில் ஒரு பங்கு. குறிப்பிட்ட ஒரு கணினியில் பயன்படுத்தும்போது சில மெருகூட்டல்கள் செய்துகொள்வது நல்லது. இவ்வளவுதான். என்ன செய்கிறது, என்ன செலவு, எங்கே கவனம் வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட்டன. உள்ளே எப்படிச் செய்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எந்த நிறுவனத்தின் விதிநூலை எடுத்துவைத்துச் சோதித்தாலும் அந்தப் பத்தி தேறிவிடும்.

யூனிக்ஸ் என்ற இயக்குதளம் வேறு வழியில் போனது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளியான அதன் முதல் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று எல்லாப் பக்கத்திலும் ஒரே அமைப்பு. அந்தத் தலைப்புகளில் ஒன்று ‘பிழைகள்’. தாங்கள் செய்த பொருளின் குறைகளைத் தாங்களே எழுதித் தருவதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிய நேர்மை போற்றத்தக்கது. ஆனால் கையேடு ஒரு கோப்பு, நிரல் இன்னொரு கோப்பு. நிரலுக்குள் கமென்ட் குறைவு.

அந்தக் குறைந்த கமென்ட்களில் ஒன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில், ஒரு வேலையை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு இயந்திரத்தைத் திருப்பும் சிக்கலான இடத்தில், 2238-ஆம் வரியாக ஒரு குறிப்பு: நீங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. படித்தவர்கள் அதை ஆணவம் என்று எடுத்துக்கொண்டார்கள். தேர்வில் இந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்பது போலத்தான் எழுதினோம், சவால் விடவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார். உண்மையான சிக்கல், எங்களுக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஆறாம் பதிப்புக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உரையாசிரியர் கிடைத்தார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், வகுப்பில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக நிரலை வரி எண்களோடு ஒரு தொகுதியாகவும், அதற்குத் தான் எழுதிய விளக்கத்தை இன்னொரு தொகுதியாகவும் 1977-இல் கொண்டுவந்தார். அப்படியே மூலம் ஒன்று, உரை ஒன்று. யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி அடுத்த பதிப்பிலிருந்து நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்தில் கட்டுப்பாடு போட்டது. பிறகு என்ன, லயன்ஸின் உரை நகல் மேல் நகலாக, எழுத்து மங்கி மங்கிக் கைமாறியது. முறையான அச்சுநூலாக அது வெளிவந்தது 1996-இல். ஒரு நல்ல உரைக்கு எத்தனை பேர் ஏங்கியிருந்தார்கள் என்பதை அந்த மங்கிய நகல்களே சொல்லும்.

தனிக் கையேட்டின் நோய் எல்லாருக்கும் தெரிந்தது. நிரலைத் திருத்துகிறவர் ஒருவர், கையேட்டை வைத்திருப்பவர் வேறொருவர். அவசரமாக ஒரு பிழையைச் சரிசெய்கிறபோது கையேட்டைத் தேடிப்போய் இரண்டு சொல்லை மாற்ற யாருக்கும் பொழுதில்லை. ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லத் தொடங்கும்.

இதற்கு டொனால்ட் கனூத் கொடுத்த மருந்து வீரியமானது. நிரலையும் உரையையும் பிரித்து எழுதவே கூடாது. மனிதருக்கு எழுதும் கட்டுரையாகவே எழுத வேண்டும், நிரல் அதற்குள் துண்டு துண்டாக வரட்டும் என்று 1984-இல் அவர் முன்வைத்தார். அவருடைய ‘வெப்’ என்ற ஏற்பாட்டில் ஒரே கோப்பிலிருந்து ‘டேங்கிள்’ இயந்திரத்துக்கான நிரலைப் பிரித்தெடுக்கும்; ‘வீவ்’ மனிதருக்கான பக்கங்களை அச்சுக்கோக்கும். இணைய வலைக்கு முந்தைய வெப் இது. கணித நூல்களை அச்சுக்கோப்பதற்கு அவர் உருவாக்கிய ‘டெக்’ மென்பொருளை முழுக்க இப்படி எழுதி, 1986-இல் தடித்த புத்தகமாகவே வெளியிட்டார். பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். அந்தக் காசோலைகளை மாற்றாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தவர்கள் ஏராளம். ஆனாலும் எல்லாராலும் கனூத் ஆக முடியவில்லை. நல்ல நிரலும் எழுத வேண்டும், நல்ல உரைநடையும் எழுத வேண்டும் என்றால் தொழிலில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். கனூத்தின் வழி போற்றப்பட்டது, பின்பற்றப்பட்டது குறைவு.

பரவியது எளிய வழி. அதன் வேர்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமேக்ஸ் எடிட்டரில், ஒரு செயற்கூற்றை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியை, வரையறுக்கும்போதே அதற்குள் ஒரு விளக்கச் சரத்தை எழுதிவிடலாம். எடிட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கட்டளை என்ன செய்யும் என்று கேட்டால், அந்தச் சரத்தை எடுத்துக் காட்டும். தேடல் பட்டியலில் முதல் வரி மட்டும் தெரியும் என்பதால், முதல் வரி தன்னளவில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இன்னொரு வேர் பெர்ட்ரான்ட் மேயரின் ஐஃபல் மொழி. ஒரு தொகுதியைப் பற்றிய செய்தி எல்லாம் அந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. உள் வேலைப்பாட்டை மறைத்துவிட்டு, பயன்படுத்துகிறவருக்கு வேண்டியதை மட்டும் நிரலிலிருந்து உருவித் தரும் ‘ஷார்ட்’ என்ற கருவியும் ஐஃபலோடு வந்தது. எட்சாக் நூலின் இரண்டு பகுதிகளையும் ஒரே கோப்பில் வைத்து, தேவைப்பட்டபோது ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுவது போல.

இந்த இரண்டு வேரும் தழைத்தது ஜாவாவில்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1996 ஜனவரியில் வெளியிட்ட முதல் ஜாவா தொகுப்பிலேயே ‘ஜாவாடாக்’ என்ற கருவி இருந்தது. அதற்கான குறி மிகச் சிறியது. சி மொழியைப் போலவே ஜாவாவிலும் கமென்ட் /* என்று தொடங்கும். அதோடு இன்னொரு நட்சத்திரம் சேர்த்து /** என்று தொடங்கினால் அது ஆவணக் குறிப்பு. கம்பைலருக்கு அது வழக்கமான கமென்ட்தான், தாண்டிப் போய்விடும். ஜாவாடாக் மட்டும் அந்த இரண்டாவது நட்சத்திரத்தைக் கண்டு நின்று, கீழே வரும் வரிகளை எடுத்து, இணையப் பக்கமாக ஆக்கித் தரும். பிரவுசர் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு பெயரைச் சொடுக்கினால் அதன் விளக்கத்துக்குப் போகலாம் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். ஜேம்ஸ் காஸ்லிங், பில் ஜாய், கை ஸ்டீல் மூவரும் 1996-இல் எழுதிய மொழி வரையறை நூலில் ஆவணக் குறிப்புகளுக்கென்று 18-ஆம் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருந்தது. மொழியின் இலக்கண நூலிலேயே உரைக்கும் இலக்கணம்.

அந்த இலக்கணம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் விளங்கும். வட்டி கணக்கிடும் ஒரு சிறு செயற்கூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தலையில் இப்படி நிற்கும்:

/**
 * அசலுக்கு உரிய தனிவட்டியை ரூபாயில் தருகிறது.
 * வீதம் ஆண்டுக்கு, விழுக்காட்டில். மாதம் 0 என்றால் விடையும் 0.
 *
 * @பாராம் அசல் கடன் தொகை, ரூபாயில்
 * @பாராம் வீதம் ஆண்டு வட்டி வீதம்
 * @பாராம் மாதம் கடன் ஓடிய மாதங்கள்
 * @ரிட்டர்ன் வட்டித் தொகை
 * @த்ரோஸ் அசல் 0-க்குக் குறைவாக இருந்தால்
 */

முதல் வாக்கியம்தான் இதில் ராஜா. பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முதல் வாக்கியம் மட்டும் வரும். பெரும்பாலோர் அதற்கு மேல் படிப்பதில்லை. முதல் வாக்கியம் எங்கே முடிகிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? முற்றுப்புள்ளியும் அதையடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் வாக்கியம் முடிந்தது என்று ஆங்கில நிரல்களில் அது எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. ஆவணக் குறிப்பு எழுத சன் நிறுவனம் தந்த வழிகாட்டியே அதை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னது. எடுத்துக்காட்டில் வருபவர் வேறு யாருமல்ல, கனூத். ‘இது பேரா. கனூத்தின் மிக்ஸ் கணினியைப் போலச் செய்து காட்டுகிறது’ என்று ஒருவர் எழுதினால் பட்டியலில் ‘இது பேரா.’ என்று மட்டும் வந்து நிற்கும். அந்த இடைவெளியைப் பிரியாத இடைவெளியாக மாற்றி எழுதுங்கள் என்று வழிகாட்டி பரிகாரமும் சொன்னது. ‘கி. மு.’ என்றும் ‘திரு. வி. க.’ என்றும் புள்ளி வைத்து எழுதிப் பழகிய நமக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும்.

பிறகு நடந்தது எதிர்பாராதது. இயந்திரம் தாண்டிப் போக வேண்டிய கமென்டை இயந்திரமே படிக்கத் தொடங்கியது. 1997-இல் வந்த ஜாவா 1.1-இல், இது பழையது, இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல ‘@டெப்ரிகேட்டட்’ என்ற குறி சேர்ந்தது. ஆவணக் குறிப்புக்குள் அந்தச் சொல் இருந்தால் கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கும். ஃபோர்ட்ரான் காலத்திலிருந்து கமென்டுக்கும் கம்பைலருக்கும் நடுவே இருந்த சுவரில் அது ஜாவா போட்ட ஓட்டை என்றே சொல்லலாம். ஓட்டை பெரிதாகி, கமென்டுக்குள் கட்டளைகளை எழுதி அதிலிருந்து புது நிரலையே உற்பத்தி செய்யும் கருவிகள் வந்தன. 2004-இல் வெளியான ஜாவா 5 இத்தகைய குறிகளுக்கு மொழிக்குள்ளேயே தனி இடம் கொடுத்து, கமென்டை மறுபடி மனிதர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

ஜாவாடாக்கின் வெற்றியைப் பார்த்து மற்ற மொழிகளும் கிளம்பின. டிமித்ரி வான் ஹீஷ் 1997-இல் வெளியிட்ட ‘டாக்சிஜன்’ சி++ உலகத்துக்கு அதே வசதியைக் கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப், மூன்று சாய்கோடுகளும் எக்ஸ்எம்எல் குறிகளுமாக வந்தது. படிக்கக் கண் வலிக்கும்.

பைத்தான் ஈமேக்ஸ் வழியில் போனது. செயற்கூற்றின் முதல் வரியாக மும்மேற்கோளுக்குள் எழுதும் விளக்கச் சரம் நிரல் ஓடும்போதும் கூடவே இருக்கும். கேட்டால் பதில் சொல்லும். அதை எழுதும் மரபுகளை டேவிட் குட்ஜரும் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸமும் 2001-இல் ‘பெப் 257’ என்ற ஆவணமாக்கினார்கள். இங்கேதான் தமிழருக்கு மிகவும் சுவையான ஓர் இலக்கணச் சண்டை வருகிறது. சன் நிறுவனத்தின் வழிகாட்டி, படர்க்கையில் எழுதச் சொன்னது: ‘பெயரைத் தருகிறது’. பெப் 257 அதைக் கூடாது என்றது. ஏவலில் எழுத வேண்டும்: ‘பெயரைத் தா’. ஜாவாக்காரர் செயற்கூற்றைப் பற்றிப் பயன்படுத்துகிறவரிடம் பேசுகிறார். பைத்தான்காரர் செயற்கூற்றிடமே பேசுகிறார். ஆங்கிலத்தில் இது ஓர் எழுத்து கூடுவதா குறைவதா என்ற வழக்கு. தமிழில் வினைமுற்றே மாறிவிடும். இரண்டில் படர்க்கைதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. குறிப்பைப் படிக்கப்போவது மனிதர். அவரைப் பார்த்துப் பேசுவதே முறை.

2009-இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி இந்தச் சண்டையை வேறு விதமாகத் தாண்டியது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர், யூனிக்ஸை உருவாக்கியவர்களிலும் ஒருவரான கென் தாம்ப்சன். கோ மொழியில் @ குறிகள் கிடையாது, நட்சத்திர வரிசை கிடையாது. சாதாரண கமென்ட், ஒரே விதி, முதல் சொல் விளக்கப்படும் பொருளின் பெயராகவே இருக்க வேண்டும். ‘வட்டி, அசலுக்கு உரிய தொகையைத் தருகிறது’ என்பது போல. காரணம் நடைமுறை சார்ந்தது. குறிப்புகளையெல்லாம் வரிசையாகக் கொட்டி அதில் ஒரு சொல்லைத் தேடும்போது, அகப்பட்ட வரியிலேயே பெயரும் இருந்தால் எதைப் பற்றியது என்று உடனே தெரிந்துவிடும்.

மரபு விதியாகும்போது ஒரு கேடும் கூடவே வரும். எல்லாச் செயற்கூற்றுக்கும் குறிப்பு கட்டாயம் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், ‘பெயரை அமை’ என்ற செயற்கூற்றின் தலையில் ‘பெயரை அமைக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சன் வழிகாட்டி இதையும் கண்டித்தது. உதவிக்குறிப்பு அமைக்கும் செயற்கூற்றுக்கு ‘உதவிக்குறிப்பை அமைக்கிறது’ என்பது மோசமான உரை என்று காட்டிவிட்டு, உதவிக்குறிப்பில் காட்ட வேண்டிய சொற்களைப் பதிவுசெய்கிறது, மவுஸ் முனை அந்த இடத்தில் சற்றே தங்கினால் அவை தோன்றும் என்று நல்ல உரையையும் எழுதிக் காட்டியது. பதவுரைக்கும் விளக்கவுரைக்கும் உள்ள வேறுபாடுதான்.

இந்தக் கேட்டைப் பார்த்துச் சலித்தவர்கள் மறுகோடிக்குப் போனார்கள். ராபர்ட் மார்ட்டின் 2008-இல் எழுதிய ‘கிளீன் கோட்’ நூலில், கமென்ட் எழுத வேண்டி வருவதே நிரலால் கருத்தைச் சொல்ல முடியாத தோல்வி என்று வாதிட்டார். பெயர்களை நன்றாக வைத்தால் நிரலே தன்னை விளக்கும் என்ற இந்தக் கட்சிக்கு இன்றும் ஆள்பலம் அதிகம். 2018-இல் ஜான் ஆஸ்டர்ஹவுட் இதற்கு நேர் எதிராக எழுதினார். நிரலில் தெரியாததைத்தான் குறிப்பு சொல்ல வேண்டும். குறிப்பை முதலில் எழுதிவிட்டு நிரலைப் பிறகு எழுதினால் வடிவமைப்பே மேம்படும் என்பது அவர் கட்சி.

மேலே எழுதிக் காட்டிய வட்டிக் குறிப்பை வைத்தே இந்த வழக்கைத் தீர்த்துவிடலாம். நம் கடைத்தெருவில் ‘இரண்டு வட்டி’ என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு. வங்கியில் ‘ஒன்பது சதவீதம்’ என்றால் ஆண்டுக்கு. ‘வட்டி’, ‘வீதம்’ என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும் அந்த 2 மாதத்துக்கா ஆண்டுக்கா என்று பெயர் சொல்லாது. உள்ளே போய் 1200-ஆல் வகுத்திருக்கிறதா 100-ஆல் வகுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘வீதம் ஆண்டுக்கு’ என்ற இரண்டு சொல் அந்த அலைச்சலை மிச்சப்படுத்துகிறது. தவறாக நினைத்திருந்தால் கணக்கு பன்னிரண்டு மடங்கு பிசகியிருக்கும். ஆஸ்டர்ஹவுட் பக்கமே நியாயம்.

பழைய நோய்க்கு, அதாவது உரையும் மூலமும் விலகிப்போவதற்கு, மிக நல்ல மருந்தைக் கண்டவர் பைத்தான் உலகின் டிம் பீட்டர்ஸ். விளக்கத்துக்குள் ஓர் எடுத்துக்காட்டும் அதன் விடையும் எழுதியிருக்கிறீர்களா? அதை இயந்திரமே ஓட்டிப் பார்க்கட்டும். எழுதிய விடை வரவில்லையென்றால் கூவட்டும். ‘டாக்டெஸ்ட்’ என்ற இந்தக் கருவி 2001-இல் பைத்தானோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. 2015-இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ரஸ்ட் மொழியில் இது இன்னும் இயல்பாகிவிட்டது: ஆவணக் குறிப்பில் எழுதும் எடுத்துக்காட்டு நிரல்கள் மற்றச் சோதனைகளோடு சேர்ந்து தாமாகவே ஓடும். 1961-இல் இதழ் வாசகர்கள் அஞ்சலில் அனுப்பிய சான்றிதழை இப்போது கம்ப்யூட்டரே நொடிக்கணக்கில் கொடுத்துவிடுகிறது.

ஜாவாவும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் வந்த 23-ஆம் பதிப்பில், நட்சத்திரத் தூணுக்கும் எச்டிஎம்எல் குறிகளுக்கும் மாற்றாக, மூன்று சாய்கோடுகளோடு தொடங்கி மார்க்டவுன் முறையில் எளிய எழுத்தாகவே ஆவணக் குறிப்பை எழுதலாம் என்று அனுமதி வந்தது. பழைய /** குறிகளும் அப்படியே செல்லும்.

இந்த மரபுகள் எல்லாமே ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுந்தவை. பைத்தானின் நடை விதிநூல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஆங்கிலம் பேசாத நாட்டினரும் குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், உங்கள் மொழி அறியாத எவரும் இந்த நிரலைப் படிக்கப்போவதில்லை என்று 120 விழுக்காடு உறுதியாக இருந்தாலொழிய. உலகச் சந்தைக்கு நிரல் எழுதும் சென்னை, கோவை அலுவலகங்களுக்கு அந்த விதி சரியே. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தான் படிக்கிறார்கள். தமிழ் வழியிலும் படிக்கிறார்கள். அவர்கள் ஆய்வகத்தில் எழுதும் பயிற்சி நிரலைப் படிக்கப்போவது அவர்களும் ஆசிரியரும் மட்டும்தான். அந்த 120 விழுக்காடு அங்கே கைவசம் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வக வகுப்பில், ஒவ்வொரு செயற்கூற்றின் முதல் வரியாகவும் மும்மேற்கோளுக்குள் தமிழில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: இது எதை வாங்கிக்கொண்டு எதைத் தருகிறது என்று. பைத்தான் 3 தமிழ் எழுத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்கும். பிறகு ‘ஹெல்ப்’ என்ற கட்டளைக்குள் அந்தச் செயற்கூற்றின் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். மாணவர் எழுதிய அதே தமிழ் வாக்கியம் திரையில் வந்து நிற்கும்.